டி. ஏ. மதுரம்: பதில் சொல்லும் கலை

தமிழ் சினிமாவின் ஹாஸ்யம் பற்றி எழுதப்பட்டிருப்பவற்றில் டி. ஏ. மதுரத்தின் பெயர் தனியாக, எழுவாயாக வரும் வாக்கியங்கள் மிகக் குறைவு. 'கிருஷ்ணனும் மதுரமும்', 'என்.எஸ்.கே.-மதுரம் ஜோடி', 'கலைவாணரின் துணைவியார்' என்றுதான் வருகிறது. 'உம்' என்பது இலக்கணத்தில் இடைச்சொல். நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் நடித்த ஒரு நடிகையின் இருபதாண்டு உழைப்பை அந்த இடைச்சொல்லிலேயே முடித்துவிட்டோம்.

இதை மரியாதைக் குறைவு என்று மட்டும் சொல்லி விட்டுவிடலாம். எனக்கு விஷயம் அதைவிடப் பெரிதாகப் படுகிறது. மதுரத்தின் பங்கு என்ன என்று கேட்காதவரை கிருஷ்ணனின் கலையே நமக்குப் பாதிதான் புரியும். பலர் முன்னிலையில் ஒரு பெண் பிறரைச் சிரிக்கவைக்கும் உரிமை தமிழில் எப்படி வந்தது, என்ன விலைக்கு வந்தது என்ற கேள்வியும் கேட்கப்படாமலே போகும்.

வாழ்க்கைக் குறிப்பு சுருக்கமானது. திருச்சி ஸ்ரீரங்கத்துக்காரர். 1935ல் வந்த 'ரத்னாவளி' முதல் படம். 1936ல் 'வசந்தசேனா' படத்துக்காகப் புனா போன குழுவில் நாகர்கோவில் என். எஸ். கிருஷ்ணனும் இருந்தார். அங்கே ஏற்பட்ட பழக்கம் திருமணத்தில் முடிந்தது. 1957 ஆகஸ்ட் 30ல் கிருஷ்ணன் இறக்கும்வரை இருவரும் சேர்ந்தே நடித்தார்கள். மதுரம் இறந்தது 1974ல். இந்தக் கோட்டுக்குள் நடந்தவற்றைப் பார்க்க, இந்த ஜோடிக்கு முந்தைய மேடைக்குப் போக வேண்டும். அந்த மேடையின் தலைநகரம் மதுரை.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கேதான் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். பின்பு 1925ல் அவர்கள் தனியாகத் தொடங்கிய கம்பெனியின் பெயரும் 'மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா'தான். கம்பெனி எந்த ஊரில் கொட்டகை போட்டாலும் பெயருக்கு முன்னால் மதுரை நின்றது. இந்தச் சபாவில்தான் கிருஷ்ணன் நடிகரானார். இவை எல்லாம் பையன்கள் கம்பெனி. வள்ளியும் பவளக்கொடியும் மீசை முளைக்காத பையன்களே. ஆக, கிருஷ்ணன் ஹாஸ்யம் கற்ற மேடையில் பெண் என்பது ஒரு வேஷம். புடவை கட்டிய பையனோடு பேசும் நகைச்சுவைக்கு ஒரு எல்லை உண்டு: எதிரே இருப்பவர் பெண் இல்லை என்பதே அங்கு சிரிப்பின் பெரும்பகுதி.

பெண்கள் உண்மையிலேயே மேடையில் நின்ற இடம் வேறு. அது ஸ்பெஷல் நாடகம். இதற்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்தும், ஸ்திரீ பார்ட் இன்னொரு ஊரிலிருந்தும், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் வெவ்வேறு இடங்களிலிருந்தும் ஒரு இரவுக்காக ஏஜெண்டு மூலம் பேசி வரவழைக்கப்படுவார்கள். ஒத்திகை இல்லை. நாடகம் எல்லோருக்கும் தெரிந்ததே: வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா. நடிகர்களின் சங்கமும் மதுரையில் இருப்பதால், மேலூர், நத்தம், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று சுற்றுவட்டாரக் கிராமங்களின் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்கு இங்கிருந்துதான் ஆள் போகும். இன்றும் போகிறது.

மேலூர்ப் பக்கத்துக் கிளை ஒன்றில் வேலை பார்த்த வருஷங்களில் இப்படிப் பல இரவுகளைப் பார்த்திருக்கிறேன். பத்து மணிக்கு மேல் பபூன் வந்து பாடிப் பேசி, கூட்டத்தைக் கைக்குள் கொண்டுவருவார். பிறகு டான்ஸ் வருவார். இருவரும் ஏதோ ஒரு பாதையில் தற்செயலாக முட்டிக்கொள்வதாகப் பாவனை. யார் மேல் தவறு என்று தொடங்கும் பேச்சு போட்டிப் பாட்டாகி, வழக்காகி, கடைசியில் காதலாகும். அந்தப் பெண்கள் மந்தமானவர்கள் அல்ல. சளைக்காமல் பதில் சொல்கிறார்கள். ஆனால் பபூன் அடிக்கடி அவரை விட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பி, ஆண்களிடம் ஆணாகப் பேசிக்கொள்கிறார். டான்ஸுக்கு அந்த வசதி இல்லை. நடுராத்திரியில் வழியில் அந்நிய ஆணோடு பேசிக்கொண்டு நிற்பவள் எப்படிப்பட்டவள் என்ற முன்முடிவு கூட்டத்தில் ஏற்கனவே இருக்கிறது. அவர் எவ்வளவு சாமர்த்தியமாகப் பதில் சொல்கிறாரோ அவ்வளவுக்கு அந்த முடிவு உறுதிப்படும். இது அந்தக் கலையின் கொடுமை. சிரிக்கவைக்கும் ஆணுக்குக் கிடைப்பது கைதட்டல். சிரிக்கவைக்கும் பெண்ணுக்குக் கைதட்டலோடு ஒரு கெட்ட பெயரும்.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் கிருஷ்ணன்-மதுரம் ஜோடி செய்த மாற்றம் தெரியும். பாதையில் நடந்த பேச்சை அவர்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். திரையில் காதலர்களாக வந்தாலும், சண்டைக்காரர்களாக வந்தாலும், இவர்கள் நிஜத்தில் கணவன் மனைவி என்பது தரை டிக்கெட் வாங்கியவனுக்கும் தெரியும். ஆகவே அந்தப் பெண் பேசலாம், பாடலாம், எதிர்க்கலாம், கேலி செய்யலாம். பபூன்-டான்ஸ் வழக்காட்டத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது: போட்டி, சொல்லைப் பிடித்துச் சொல், பேச்சிலிருந்து பாட்டுக்குத் தாவல். அதன் கறை மட்டும் கழுவப்பட்டுவிட்டது. கிருஷ்ணன் இந்த வடிவத்தை ஸ்பெஷல் நாடகத்திலிருந்து நேராக எடுத்தார் என்று நான் வாதிக்கவில்லை. தமிழ்ப் பார்வையாளனுக்கு ஆண்-பெண் ஹாஸ்யம் என்றால் அதுதான் பழகிய அச்சு. புது ஜோடியை அவன் அந்த அச்சில் வைத்துத்தான் பார்த்திருப்பான்.

மதுரத்தின் நடிப்பைக் கவனித்தால் முதலில் தெரிவது அவர் தன்னை விகாரப்படுத்திக்கொள்வதில்லை என்பது. ஹாஸ்ய நடிகை என்றால் உடம்பையோ, குரலையோ, உடையையோ கேலிப்பொருளாக்கிக்கொள்ள வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அன்றும் இருந்தது, பின்பும் இருந்தது. இவர் சாதாரணமாக வந்து நிற்கிறார். தன் குரலிலேயே பாடுகிறார். அவருடைய கருவி கேட்பதுதான். கிருஷ்ணன் பேசும்போது மதுரத்தின் முகத்தைப் பாருங்கள். நம்பலாமா, கூடாதா என்று அது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். பதில் வரும்போது அது நகைச்சுவைத் துணுக்காக வருவதில்லை. வீட்டுச் செலவுக் கணக்குக் கேட்பதைப் போல வருகிறது. சிரிப்பு அந்தத் தொனியில் இருக்கிறது.

கிருஷ்ணன் சீர்திருத்தக்காரர். சொல்ல வேண்டிய விஷயங்கள் அவரிடம் நிறைய இருந்தன. தனியாக விட்டால் அவர் கதாகாலட்சேபக்காரராகவும் வில்லுப்பாட்டுக்காரராகவும் மாறிவிடுவார். அதையும் அற்புதமாகச் செய்வார். 1949ல் அண்ணாதுரை வசனம் எழுதிய 'நல்லதம்பி'யில் வரும் கிந்தனார் காலட்சேபம் அதற்குச் சாட்சி. ஆனால் அங்கே அவர் ஒரு கூட்டத்துக்குச் சொல்கிறார். கூட்டம் எதிர்த்துப் பேசாது. மதுரம் எதிரே இருக்கும்போது அவர் ஒரு ஆளை ஜெயித்தாக வேண்டும். அந்த ஆள் உலக அனுபவம் உள்ளவள், புதுமையைச் சட்டென்று ஒத்துக்கொள்ளாதவள். ஜெயிப்பதற்குள் அவர் இரண்டு முறை தோற்க வேண்டியிருக்கிறது. பிரசங்கம் நாடகமாவது அந்தத் தோல்விகளில்தான். கிருஷ்ணனின் கருத்துகளைப் பாராட்டி எழுதியவர்கள் யாரும் அந்தக் கருத்துகளுக்கு எதிரே நின்ற சந்தேகத்தைப் பாராட்டவில்லை. அந்தச் சந்தேகத்தின் பெயர் மதுரம்.

அவர்களுடைய ஹாஸ்யப் பகுதிகள் பெரும்பாலும் தனியாக எழுதி, தனியாகப் படமாக்கி, முக்கியக் கதையோடு ஒட்டப்பட்டவை. கிருஷ்ணனே அவற்றைப் பொறுப்பேற்று அமைத்துக் கொடுப்பார். ராஜா ராணிக் கதை ஒரு பக்கம் செய்யுள் நடையில் போய்க்கொண்டிருக்கும். இடையிடையே இவர்கள் இருவரும் வந்து பேச்சுத் தமிழில் இன்னொரு சின்னப் படத்தை நடத்திவிட்டுப் போவார்கள். இந்த ஒட்டுமுறையை விமர்சகர்கள் குறையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் ஒரு லாபம் தெரிகிறது. பெரிய கதையின் கதாநாயகிக்கு இருந்த கட்டுப்பாடுகள் இந்தச் சின்னப் படத்துப் பெண்ணுக்கு இல்லை. அங்கே ஒருத்தி கற்பைக் காப்பாற்றி அழுதுகொண்டிருக்கும்போது, இங்கே ஒருத்தி கணவனின் முட்டாள்தனத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தச் சின்னப் படமே முழுப் படமான சந்தர்ப்பமும் உண்டு. 1941ல் வந்த 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' படத்தில் கிருஷ்ணன் அலிபாபா, மதுரம் மார்ஜியானா. அரபுக் கதையில் திருடர்களின் சூழ்ச்சிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து முறியடிப்பவள் அந்த அடிமைப் பெண். அலிபாபாவுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம், அறிவு அவளுடையது. இந்தப் பாத்திரப் பங்கீடு தற்செயலாக இருக்கலாம். மதுரத்துக்கு அது பொருந்தியது தற்செயல் இல்லை.

அடுத்த வருஷம் ஜுபிடரின் 'கண்ணகி' வந்தது. கண்ணாம்பா கண்ணகி, பி. யு. சின்னப்பா கோவலன். கிருஷ்ணனும் மதுரமும் வழக்கம்போல் ஹாஸ்யத்துக்கு. மதுரையில் இருப்பவனுக்குக் கண்ணகி கதை புத்தகத்துக்குள் மட்டும் இருப்பதில்லை. சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலில் அவளுக்குச் சிலை இருக்கிறது. அரசன் கணவனைக் குற்றவாளி என்றான், மனைவி நீதி கேட்டாள், ஊர் எரிந்தது. இந்தக் கதைச் சட்டம் நம் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்கு, இரண்டே வருஷம் கழித்து மதுரத்துக்கு நேர்ந்ததும், அதை நாம் நினைவில் வைத்துக்கொண்டிருக்கும் விதமும் உதாரணம்.

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளிவந்தது. நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பரில் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பி, மறுபடி உயர்நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். ஏறத்தாழ முப்பது மாதம்.

அந்த முப்பது மாதத்தில் மதுரம் என்ன செய்தார்? வழக்குக்காக அலைந்தார், பணம் திரட்டினார் என்பது எல்லோரும் சொல்வது. அதோடு ஒரு தொழிலையும் நடத்தினார். கிருஷ்ணன் பெயரிலிருந்த நாடக சபா நின்றுபோகாமல் எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு அதை நடத்தினார். அது சுலபமான காலம் அல்ல. அதே சமயத்தில் கே. ஆர். ராமசாமி பிரிந்துபோய் 'கிருஷ்ணன் நாடக சபா' என்று தனியாகத் தொடங்கினார். அண்ணாதுரையின் 'ஓர் இரவு', 'வேலைக்காரி' எல்லாம் அங்கே மேடையேறின. ஒரே மனிதரின் பெயரில் இரண்டு சபாக்கள். அந்த மனிதரோ ஜெயிலில். இதற்கு நடுவே நடிகர்களுக்குச் சம்பளமும், கொட்டகைக்கு வாடகையும், வக்கீல்களுக்குக் கட்டணமும் கொடுத்தாக வேண்டும். மதுரத்தின் சபா நடத்திய 'பைத்தியக்காரன்' நாடகம் பிறகு என்.எஸ்.கே. பிலிம்ஸ் சார்பில், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமானது. மதுரத்துக்கு இரட்டை வேடம். படம் முடிவதற்குள் கிருஷ்ணன் விடுதலையாகி வந்ததால் அவருக்கும் அதில் ஒரு பாத்திரம் சேர்க்கப்பட்டது. 1947ல் வெளிவந்தது.

இந்தக் கடைசி விவரத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். அதுவரை பெரிய கதைகளில் ஒட்டப்பட்டு வந்த ஜோடியில், எப்போதும் இரண்டாவது பெயராக வந்தவர், இந்த ஒரு படத்தில் நடுவில் நிற்கிறார். அதுவும் இருவராக. சேர்த்து ஒட்டப்பட்டவர் கிருஷ்ணன். தமிழ் சினிமாவில் இதற்கு முன்னும் பின்னும் ஒரு ஹாஸ்ய நடிகைக்கு இப்படி ஒரு இடம் சுலபத்தில் அமைந்ததில்லை.

ஆனால் இந்த வருஷங்கள் நினைவில் எப்படிப் பதிந்திருக்கின்றன? பதிபக்தி என்று. சத்தியவானை மீட்ட சாவித்திரி என்று. கண்ணகி என்று. கணவனுக்காக ஒரு பெண் பட்ட கஷ்டம் என்று சொல்லிவிட்டால் அவள் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. கண்ணகி சிலம்பை உடைத்தாள், ஒரு பகலில் கதை முடிந்தது. மதுரம் முப்பது மாதம் வரவு செலவு பார்த்தார். காவியத்துக்கு முதலாவது போதும். வரலாற்றுக்கு இரண்டாவதும் வேண்டும்.

நான் வங்கியில் நகைக்கடன் எழுதுகிறவன். நகை அவள் கழுத்திலிருந்து வருகிறது, வட்டி அவள் நாற்று நட்ட கூலியிலிருந்து வருகிறது. பெயருக்குப் பக்கத்தில் 'க/பெ' என்று ஒரு இடம், அதில் கணவர் பெயர். புருஷன் பத்து வருஷமாக ஊரிலேயே இல்லாவிட்டாலும் அந்த இடத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும் என்று அவளே சொல்வாள். நம்முடைய சினிமா வரலாறும் இதே பேரேட்டுப் பழக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் கிருஷ்ணன் கட்டிய வீட்டின் பெயர் 'மதுர பவனம்'. வீட்டுக்கு அவர் பெயர் வந்தது, சபாவுக்கு வரவில்லை.

சொந்த வாழ்க்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிருஷ்ணனுக்கு முன்பே மணமாகியிருந்தது. மதுரத்துக்குப் பிறந்த பெண் குழந்தை நிலைக்கவில்லை. பிறகு தம் தங்கையையே கிருஷ்ணனுக்கு மணம் செய்துவைத்தார். வாழ்க்கை வரலாறுகளில் இது தியாகமாக வருகிறது. தீர்ப்புச் சொல்ல நான் யார்? திரையில் எதற்கும் பதில் வைத்திருந்த பெண்ணின் பதில் இந்த இடத்தில் மட்டும் பதிவாகவில்லை என்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

விடுதலைக்குப் பிறகு பத்து வருஷம். 'சந்திரலேகா' (1948), 'மணமகள்' (1951) என்று படங்கள். இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது 1956ல் வந்த 'மதுரை வீரன்'. அதில் இருவரும், காட்டில் விடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்க்கும் செருப்புத் தைக்கும் தம்பதி. ஒட்டுப்போட்ட பகுதியாக இல்லாமல் கதையின் வேரிலேயே இருக்கிறார்கள். மதுரைக்காரனுக்கு வீரன் மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுர வாசலில் இருக்கும் சாமி. அந்தச் சாமியின் வளர்ப்புத் தாயாக இந்தப் பெண் வந்தபோது, அவரை ஹாஸ்ய நடிகை என்று யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

1957ல் கிருஷ்ணன் இறந்தார். இருவரும் 1937ல் டங்கனின் 'அம்பிகாபதி'யில் நடித்தவர்கள்; சிவாஜி கணேசன் நடித்த புது 'அம்பிகாபதி' கிருஷ்ணன் இறந்த பிறகு வெளிவந்தது, அதிலும் இருவரும் இருந்தார்கள். ஏற்கனவே எடுத்துவைத்திருந்த இன்னும் ஒன்றிரண்டு படங்கள் அதற்குப் பின் வந்தன. அப்புறம் மதுரம் அநேகமாக இல்லை. பதினேழு வருஷம் உயிரோடிருந்தார். குரல் இருந்தது, முகம் இருந்தது, எதிர்ப்பேச்சு இருந்தது. எதிரே ஆள் இல்லை. நான் முன்பு சொன்ன விலை இதுதான். தெருவில் நின்று பேசும் பழியிலிருந்து அவரைக் காப்பாற்றிய திருமணம், அவருடைய கலைக்கு உரிமச் சீட்டாகவும் இருந்தது. சீட்டு காலாவதியானதும் கலையும் நின்றது.

இது அவர் ஒருவர் கதை இல்லை. காளி என். ரத்னத்தோடு சி. டி. ராஜகாந்தம், தங்கவேலுவோடு எம். சரோஜா என்று, திரையில் சிரிக்கவைத்த பெண்கள் பலரும் நிஜத்தில் அந்த ஜோடியின் மனைவியராகவே இருந்திருக்கிறார்கள். நடிகர் இன்னொருவருடன் ஜோடி சேரலாம். நடிகை சேர்வது அவ்வளவு சுலபமாக இல்லை.

இந்த வழக்கம் உடைந்தது 1958ல். அந்த வருஷம் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை'யில் ஒரு புது நடிகை வந்தார். பள்ளத்தூரில் வளர்ந்து, நாடக மேடைகளில் பழகியவர். கணவரைப் பிரிந்து, கைக்குழந்தையோடு தனியாக நின்றவர். மனோரமா. நாகேஷோடு, சோவோடு, தேங்காய் சீனிவாசனோடு, அடுத்த தலைமுறையோடு என்று 2015ல் இறக்கும்வரை அவர் யாருடைய 'உம்'மாகவும் இருக்கவில்லை. 1968ல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் அவர் செய்த ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரி. பபூன்-டான்ஸ் மேடையில் பழி சுமந்த அந்தப் பெண்ணை, அவளுடைய கொச்சையோடும் தாராள மனத்தோடும், கறையைக் கழுவாமலே மரியாதைக்குரியவளாக நம் முன் நிறுத்தினார். மதுரம் வீட்டுக்குள் கொண்டுவந்து காப்பாற்றியதை மனோரமா மறுபடி தெருவுக்கே கொண்டுபோனார். முன்னவர் இல்லாமல் பின்னவர் சாத்தியமில்லை என்றே நினைக்கிறேன்.

இன்று அந்தக் காலப் படங்களில் சிலவற்றைக் கைபேசியிலேயே பார்த்துவிட முடிகிறது. பார்ப்பவர்கள் ஹாஸ்யக் காட்சிகளை மட்டும் பார்த்துக் கிருஷ்ணனை வியந்துவிட்டுப் போகிறார்கள். நான் ஒரு சின்ன வேலையைச் சிபாரிசு செய்கிறேன். ஒவ்வொரு காட்சியிலும் கடைசிச் சொல் யாருடையது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். பாட்டானால் முதலில் நிறுத்தியது யார் என்றும் குறியுங்கள். நான் பத்துப் பன்னிரண்டு படங்களுக்குக் குறித்துவைத்திருக்கிறேன். மற்றவர்களும் செய்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 'பைத்தியக்காரன்' படத்திலிருந்து தொடங்குவது நல்லது.